மெக்னீசியம் மாத்திரை போட்டால் வேகமாக ஓட முடியுமா?

பளு தூக்குகிறவர்கள் மேடை ஏறும் முன் ஒரு தொட்டியில் கையை விட்டு வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொள்வார்கள். அது மெக்னீசியம் கார்பனேட். சேலத்துக்கும் ஏற்காட்டு மலையடிவாரத்துக்கும் நடுவே வெள்ளைக்கல் என்று வெட்டி எடுக்கிறார்களே, அதுவும் அடிப்படையில் இதே பொருள்தான். கையில் தேய்க்கும் பொடி வேர்வையை உறிஞ்சிப் பிடி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் கம்பி தரையை விட்டுக் கிளம்பித் தலைக்கு மேல் போகும் அந்தச் சில வினாடிகளில், தொடையிலும் தோளிலும் ஒவ்வொரு தசை நாரும் சுருங்குவதற்கு மெக்னீசியம் வேண்டும். அது உடம்புக்குள் ஏற்கெனவே இருக்கிற மெக்னீசியம். வளர்ந்த ஆள் ஒருவரின் உடம்பில் மொத்தமாக ஏறக்குறைய 25 கிராம் இருக்கும். அதில் பாதிக்கு மேல் எலும்பில், கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலாகத் தசையில், மீதியில் பெரும்பகுதி மற்ற உறுப்புகளில். ரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

இப்போது ஓட்டக் குழுக்களிலும் ஜிம்களிலும் மெக்னீசியம் பற்றிய பேச்சு அதிகம். “கெண்டைக்கால் இழுக்குதா? மெக்னீசியம் போடுங்க.” “ராத்திரி தூக்கம் சரியில்லையா? அதுக்கும் அதுதான்.” காலையில் ஓடி முடித்து மூச்சு வாங்க நிற்கும்போது இந்தப் பேச்சை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். மெக்னீசியம் இல்லாமல் தசை இயங்காது என்பது முழு உண்மையும்கூட. அங்கிருந்து, மெக்னீசியத்தைக் கூடுதலாகக் கொடுத்தால் தசையும் கூடுதலாக இயங்கும் என்ற முடிவுக்குத் தாவுகிறோமே, அங்கேதான் சறுக்குகிறோம். எஞ்சின் ஆயில் இல்லாமல் வண்டி ஓடாது. அதற்காக இரண்டு மடங்கு ஆயில் ஊற்றினால் வண்டி இரண்டு மடங்கு வேகமாகப் போவதில்லை. ஆயில் குறைந்துபோன வண்டிக்கு ஊற்றினால் மட்டும்தான் வித்தியாசம் தெரியும். மெக்னீசியத்தில் இதுவரை நடந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் சொல்கின்றன.

முதலில் அது உள்ளே என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

தசைக்கு உடனடிச் சக்தி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு 1920களின் பிற்பகுதியில்தான் தெளிவான விடை கிடைக்கத் தொடங்கியது. அந்த விடையில், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கேவுடன் சேர்ந்து, தசையில் இருக்கும் பாஸ்போகிரியாட்டின் என்ற பொருளை 1927இல் அடையாளம் கண்டார். 1929இல் இந்த இருவரும், ஜெர்மனியில் கார்ல் லோமானும் தனித்தனியாக ஏடிபி என்ற மூலக்கூறைக் கண்டுபிடித்தார்கள். லோமான் அதோடு நிற்கவில்லை. தசைச் சாற்றில் சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாற ஏடிபி மட்டும் போதாது, கூடவே மெக்னீசியமும் இருந்தாக வேண்டும் என்று 1930களின் தொடக்கத்திலேயே காட்டினார். ஏடிபியும் மெக்னீசியமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே அறிவியலுக்குள் நுழைந்தன. சுப்பாராவின் பெயர் நம் பள்ளிப் புத்தகங்களில் இன்னும் அழுத்தமாக வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்தப் பாடத்தை அவர் பெயரோடு சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு மறக்காது.

ஏடிபி என்பது உடம்பின் சில்லறைக் காசு. சாப்பாட்டிலிருந்து வரும் சக்தி பெரிய நோட்டு மாதிரி. அதை அப்படியே செலவு செய்ய முடியாது, ஏடிபியாக மாற்றித்தான் செலவு செய்ய முடியும். இந்த மூலக்கூறின் வாலில் மூன்று பாஸ்பேட்டுகள் வரிசையாகக் கோத்திருக்கும். மூன்றும் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். கடைசி பாஸ்பேட் கழன்றால் சக்தி வெளிப்படும். ஆனால் இவ்வளவு எதிர்மின்னூட்டத்தோடு திரியும் ஒரு மூலக்கூறை, உடம்பின் வேதிவினைகளை நடத்தும் புரதங்களான நொதிகளால் நேரடியாகப் பிடிக்க முடியாது. கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் அடுப்பிலிருந்து இறக்க முடியாதல்லவா, இடுக்கி வேண்டும். மெக்னீசியம்தான் அந்த இடுக்கி. இரண்டு நேர்மின்னூட்டம் உள்ள சின்ன அயனி அது. பாஸ்பேட்டுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்து மின்னூட்டத்தைத் தணித்து, நொதியின் பள்ளத்தில் பொருந்தும்படி அந்த வாலை வளைத்துக் கொடுக்கும். செல்லுக்குள் இருக்கும் ஏடிபியில் பெரும்பகுதி எப்போதும் மெக்னீசியத்தோடு ஒட்டியேதான் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் ஏடிபி என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் மெக்னீசியம்-ஏடிபி என்று படித்துக்கொள்வதுதான் சரி.

கால்சியத்துக்கும் இரண்டு நேர்மின்னூட்டம் உண்டே, அது ஏன் இந்த வேலைக்கு வரவில்லை என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கால்சியமும் பாஸ்பேட்டும் கூடினால் கல்லாகப் படியும். எலும்பு அப்படித்தான் உருவாகிறது. செல்லுக்குள் அது நடந்தால் செல் செத்துவிடும். அதனால் ஓய்வாக இருக்கும் செல், தனக்குள் இருக்கும் கால்சியத்தை வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைத்தே வைத்திருக்கிறது. மெக்னீசியத்துக்கு அந்தத் தடை இல்லை. பாஸ்பேட்டோடு அளவாக ஒட்டும், தேவையான நேரத்தில் விடும்.

ஒருவர் பழனி மலைப் படிகளைப் பாதி ஓட்டமாக ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். தொடைத் தசையில் கையிருப்பாக இருக்கும் ஏடிபி இரண்டு மூன்று வினாடிக்குத்தான் வரும். அது தீர்வதற்கு முன்பே, சுப்பாராவ் கண்ட அந்தப் பாஸ்போகிரியாட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏடிபியை மீண்டும் உருவாக்கும். அதைச் செய்யும் கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதிக்கு மெக்னீசியம் வேண்டும். அந்த இருப்பும் பத்து வினாடி சுமாரில் ஆட்டம் கண்டுவிடும். அப்புறம் சர்க்கரையை உடைக்கும் பாதை முழு வேகம் எடுக்கும். அதில் வரிசையாக வரும் பத்துப் படிநிலைகளில் ஹெக்சோகைனேஸ், பாஸ்போஃப்ரக்டோகைனேஸ், ஈனோலேஸ், பைருவேட் கைனேஸ் என்று பாதிக்குப் பாதி நொதிகளுக்கு மெக்னீசியம் தேவை. இன்னும் சில நிமிடம் ஏறினால், செல்லுக்குள் ஆக்சிஜனைக் கொண்டு சக்தி எடுக்கும் பகுதியான மைட்டோகாண்ட்ரியாவின் பங்கு பெரிதாகிறது. சர்க்கரை உடைந்து வரும் பைருவேட் அதற்குள் நுழையும் வாசலைத் திறந்துவிடும் நொதிக்கு மெக்னீசியம் வேண்டும். உள்ளே ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபி வார்க்கும் கடைசி நொதியும் மெக்னீசியம் ஒட்டிய நிலையில்தான் வேலை செய்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர்கூட ஒரு நாளில் ஏறக்குறைய தன் உடல் எடைக்கு நிகரான ஏடிபியை உடைத்து உடைத்து வார்க்கிறார். உடம்பில் எந்த நேரத்திலும் இருப்பது நூறு கிராமுக்கும் குறைவுதான். அந்தச் சிறு கையிருப்பு நாள் முழுக்கச் சுழன்றுகொண்டே இருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் மெக்னீசியம் கைகொடுக்கிறது.

மெக்னீசியத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

தசை சுருங்க வேண்டும் என்று நரம்பு சொன்னதும், தசைச் செல்லுக்குள் இருக்கும் சேமிப்புப் பைகளிலிருந்து கால்சியம் கொட்டும். கால்சியம் வந்தால் சுருக்கம், கால்சியம் திரும்பிப் போனால் தளர்வு. மெக்னீசியம் இதில் கடிவாளம் மாதிரி. கால்சியப் பைகளின் கதவில் நின்றுகொண்டு அவை கண்டபடி திறக்காமல் பார்த்துக்கொள்கிறது. வேலை முடிந்ததும் கால்சியத்தைத் திரும்பப் பைக்குள் ஏற்றும் பம்புக்குச் சக்தி கொடுப்பதும் மெக்னீசியம்-ஏடிபிதான். தசை சுருங்குவதற்கு மட்டும்தான் சக்தி செலவாகிறது என்று நினைக்கிறோம், தளர்வதற்கும் செலவாகிறது. இறந்த உடம்பு சில மணி நேரத்தில் விறைத்துப் போவது ஏடிபி தீர்ந்துவிட்டதால்தான். சுருங்கிய நிலையில் மாட்டிக்கொண்ட நாரைக் கழற்றிவிட ஆள் இல்லை.

இந்தக் கடிவாளத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றால் பிரசவ வார்டுக்குப் போக வேண்டும். ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் அபாயத்தில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு மெக்னீசியம் சல்பேட் ஊசி போடுவார்கள். உலகம் முழுக்க எத்தனையோ தாய்மார்களைக் காப்பாற்றிய மருந்து அது. அடுத்த வேளை ஊசிக்கு முன்னால் செவிலியரோ மருத்துவரோ முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்கள். கால் துள்ளினால் சரி. துள்ளவில்லை என்றால் மெக்னீசியம் அளவுக்கு மீறிவிட்டது என்று அர்த்தம், ஊசியை நிறுத்திவிடுவார்கள். நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையையே அது அடக்கிவிடுகிறது. கூடக் கூட நல்லது என்று நினைப்பவர்கள் இந்தச் சுத்தியலை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, உடம்பில் மெக்னீசியம் குறைந்தால் உழைக்கும் திறன் குறையுமா? இதற்கு நான் பார்த்த வரையில் மிக நேர்த்தியான பதில், அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரிலிருந்து வந்தது. அங்கே அமெரிக்க வேளாண் துறையின் மனித ஊட்டச்சத்து ஆய்வு மையம் இருக்கிறது. ஹென்றி லுகாஸ்கியும் ஃபாரஸ்ட் நீல்சனும் அங்கே நடத்திய ஆய்வு 2002இல் வெளியானது. மாதவிடாய் நின்ற 10 பெண்கள், வயது 45 முதல் 71 வரை. அவர்கள் சாப்பிட்ட உணவை ஆய்வாளர்களே அளந்து கொடுத்தார்கள். அந்த உணவில் 2000 கலோரிக்கு 112 மில்லிகிராம் மெக்னீசியம்தான் இருந்தது. முதல் 35 நாட்கள் அதோடு 200 மில்லிகிராம் மாத்திரையாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். அடுத்த 93 நாட்கள் மாத்திரைக்குப் பதிலாக வெற்று மாத்திரை. பிறகு 49 நாட்கள் மீண்டும் 200 மில்லிகிராம்.

மெக்னீசியம் குறைந்த அந்த மூன்று மாதத்தில் சிவப்பணுக்களிலும் தசையிலும் மெக்னீசியம் இறங்கியது. அதைவிட முக்கியம், நிலையாக வைத்த சைக்கிளில் அவர்கள் மிதித்தபோது தெரிந்த மாற்றம். மிதித்த சுமை அதேதான், முழு மூச்சான உழைப்பும் இல்லை. ஆனால் அதே வேலைக்கு 10 முதல் 15 சதவீதம் கூடுதல் ஆக்சிஜன் செலவானது. இதயமும் நிமிடத்துக்குச் சுமார் 10 துடிப்பு அதிகமாகத் துடித்தது. நம் பேச்சில் சொன்னால், வண்டியின் மைலேஜ் குறைந்துவிட்டது. அதே தூரத்துக்கு அதிக பெட்ரோல்.

இந்த ஆய்வை நான் இவ்வளவு மதிக்கக் காரணம் உண்டு. அவர்கள் யாரும் படுத்த படுக்கையாகவில்லை, கை கால் இழுத்துக்கொள்ளவில்லை. நோய் என்று பெயர் வைக்கும்படி வெளியே எதுவும் பெரிதாகத் தெரியாத நிலையிலேயே உழைப்பின் செலவு கூடியிருக்கிறது. “முன்னாடி மாதிரி மாடி ஏற முடியல, வயசாயிடுச்சு” என்று சொல்லும் எத்தனை பேருக்கு உள்ளே இதுவும் ஒரு காரணமாக இருக்குமோ என்று அதைப் படித்த நாளிலிருந்து யோசிக்கிறேன். பத்துப் பேரை வைத்து உலகத்துக்கே முடிவு சொல்ல முடியாதுதான். ஆனால் ஒவ்வொரு கவளத்தையும் அளந்து, இத்தனை நாள் பொறுமையாக நடத்தும் ஆய்வில் பத்துப் பேர் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை.

இதன் மறுபக்கத்தை மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் பார்க்கலாம். 1992இல் வெளியான ஓர் ஆய்வில் 20 ஓட்டக்காரர்களை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணிக்குத் தினமும் 365 மில்லிகிராம் மெக்னீசியம் கொடுத்தார்கள். பந்தயத்துக்கு முன் நான்கு வாரம், பின் ஆறு வாரம். ஓட்ட நேரம் குறையவில்லை. பந்தயத்துக்குப் பிறகு தொடைத் தசை பலம் பெறுவதும் விரைவாகவில்லை. தசையைக் கிள்ளி எடுத்துச் சோதித்தபோது அதில் மெக்னீசியத்தின் அளவுகூட ஏறியிருக்கவில்லை. அவர்களுக்குத் தொடக்கத்திலேயே குறைவு இல்லை. நிரம்பிய குடத்தில் ஊற்றியது வழிந்து போய்விட்டது. சிறுநீரகம் அதைத்தான் செய்யும், தேவைக்கு மேல் வந்ததை வெளியேற்றிவிடும்.

அதே 1992இல் வந்த இன்னொரு ஆய்வு எதிர்ப்பக்கம் பேசியது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத 26 இளைஞர்களுக்கு ஏழு வாரம் பலப் பயிற்சி. ஓர் அணிக்கு உணவும் மாத்திரையும் சேர்ந்து நாளைக்குச் சுமார் 500 மில்லிகிராம் கிடைத்தது, மற்ற அணிக்குச் சுமார் 250. கூடுதலாகக் கிடைத்தவர்களின் தொடைபலம் அதிகமாக ஏறியது. மாத்திரை விற்கிறவர்கள் இந்த ஆய்வைத்தான் அடிக்கடி காட்டுகிறார்கள். ஆனால் ஒப்பிட்ட அணி சாப்பிட்டதைக் கவனியுங்கள்: ஆண்களுக்கு அமெரிக்காவில் பரிந்துரைக்கும் 400 மில்லிகிராமை விட அது மிகவும் குறைவு. குறைவாக இருந்தவர்களை நிறைவாக இருந்தவர்களோடு ஒப்பிட்டதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன்.

வயதானவர்கள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை கொஞ்சம் கூடுதல். இத்தாலியில் வாராந்திர உடற்பயிற்சி வகுப்புக்கு வரும் 139 மூத்த பெண்களைச் சேர்த்துக்கொண்ட ஆய்வு 2014இல் வெளியானது. சராசரி வயது 71க்கு மேல். பாதிப் பேருக்கு 12 வாரம் தினமும் 300 மில்லிகிராம். நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரும் நேரமும் நடைவேகமும் அவர்களுக்கு முன்னேறின. உணவில் மெக்னீசியம் குறைவாக எடுத்துவந்தவர்களிடம் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது நமக்குச் சின்ன விஷயம். எழுபது வயதில் தனியாகக் குளியலறைக்குப் போய்வர முடிகிறதா இல்லையா என்பதே அதில்தான் இருக்கிறது.

கெண்டைக்கால் இழுப்புக்கு வருவோம், ஏனென்றால் மாத்திரை வாங்குகிறவர்களில் பலர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள். 1983இல் ஒரு மருத்துவ இதழில் ஒரு டென்னிஸ் வீராங்கனையின் கதை வந்தது. வெளியில் நெடுநேரம் ஆடும்போது அவருக்குத் தசை இழுத்துக்கொண்டது. சோதனையில் ரத்த மெக்னீசியம் குறைந்திருந்தது தெரிந்தது. மெக்னீசியம் கொடுத்ததும் சில நாளில் சரியானது. அது உண்மையான குறைபாடு, அதற்குச் சரியான வைத்தியம். ஆனால் மெக்னீசியம் குறையாதவருக்கு வரும் இழுப்பு வேறு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் 11 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மூத்தவர்களுக்கு இரவில் வரும் கால் இழுப்பை மெக்னீசியம் சொல்லும்படியாகத் தடுப்பதாகத் தெரியவில்லை என்று முடிவுக்கு வந்தது. கர்ப்பிணிகள் விஷயத்தில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தன. உடற்பயிற்சியின்போது வரும் இழுப்புக்கோ, முறையாகச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து நடத்திய ஆய்வு ஒன்றுகூட அந்தத் தொகுப்பில் இல்லை.

ஓடும்போது வரும் இழுப்பு பெரும்பாலும் களைத்துப்போன தசையில், பயிற்சியில் பழகாத வேகத்தில், பந்தயத்தின் கடைசிப் பகுதியில் வருகிறது. “நரம்பு இழுத்துக்கிச்சு” என்று நம்மவர்கள் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. களைத்த தசைக்கு நரம்பு வழியாக வரும் கட்டளை தடுமாறுவதுதான் முக்கியக் காரணம் என்று இன்று பலர் கருதுகிறார்கள். பாதத்தைப் பிடித்து முன்பக்கமாக மடக்கித் தசையை நீட்டிவிட்டால் உடனே விடுகிறதே, அதுவே ஒரு சாட்சி. தாது குறைவுதான் காரணம் என்றால் நீட்டிவிட்டதும் எப்படி விடும்?

வேர்வையில் மெக்னீசியம் நிறையப் போகிறது என்பதும் பாதிதான் சரி. ஒரு லிட்டர் வேர்வையில் சோடியம் ஏறக்குறைய ஒரு கிராம் வரை போகலாம். மெக்னீசியம் சில மில்லிகிராம், அதிகம் போனால் பத்துப் பதினைந்து. கடும் பயிற்சியில் சிறுநீரிலும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். இரண்டையும் சேர்த்து, கடுமையாகப் பயிற்சி செய்கிறவரின் தேவை 10 முதல் 20 சதவீதம் கூடலாம் என்று லுகாஸ்கியும் நீல்சனும் கணக்கிட்டார்கள். உணவு சரியாக இருந்தால் ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் அடங்கிவிடும் வித்தியாசம் அது. உணவு சரியில்லாதவர்களுக்குத்தான் இது பெரிது. எடைப்பிரிவுக்காகப் பட்டினி கிடக்கும் மல்யுத்தக்காரர், குத்துச்சண்டைக்காரர், கபடி ஆடும் பையன்கள், மெலிய வேண்டும் என்று சாப்பாட்டைக் குறைக்கும் ஓட்டக்காரப் பெண்கள் இவர்களைத்தான் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டும்.

சரி, எனக்குக் குறைவா இல்லையா என்று ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடலாமே? அங்கேதான் சிக்கல். ரத்தத்தில் இருப்பது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் உடம்பு விடாப்பிடியாக ஒரே அளவில் வைத்திருக்கப் பார்க்கும். குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து ஈடு கட்டும். வாசல் திண்ணையைப் பார்த்து வீட்டுக்குள் குதிரில் எவ்வளவு நெல் இருக்கிறது என்று சொல்ல முடியாது. ரத்தத்தில் குறைவு என்று வந்தால் அது நிச்சயம் கவனிக்க வேண்டிய விஷயம். சரியாக இருக்கிறது என்று வந்தால், தசையிலும் சரியாக இருக்கிறது என்று அதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. கடும் பயிற்சி முடித்த கையோடு ரத்தம் கொடுத்தால் அளவு இன்னும் குழம்பும், ஏனென்றால் உழைப்பின்போது மெக்னீசியம் ரத்தத்துக்கும் செல்லுக்கும் இடையே இடம் மாறும்.

அதனால் தட்டைப் பார்ப்பது நல்லது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் ஆண்களுக்கு நாளைக்கு 440 மில்லிகிராம், பெண்களுக்கு 370 என்று பரிந்துரைத்தது. தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 20 மில்லிகிராம்தான் இருக்கிறது. தீட்டாத அரிசியில் 90ஐ ஒட்டி இருக்கும். கம்பிலும் கேழ்வரகிலும் 120க்கு மேல். நெல்லின் மெக்னீசியம் தவிட்டிலும் முளையிலும் உட்கார்ந்திருக்கிறது. ஆலையில் வெளுக்க வெளுக்கத் தீட்டும்போது மாட்டுக்குப் போய்விடுகிறது. மூன்று வேளையும் வெள்ளை அரிசியைச் சுற்றியே சாப்பிடுகிறவர் நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டாலும் அதிலிருந்து கிடைப்பது 60 மில்லிகிராம். மீதியைப் பருப்பும் கீரையும் கடலையும் கொடுத்தாக வேண்டும். உளுந்து, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு எல்லாம் இதில் செழிப்பானவை. எள் இன்னும் அதிகம். ஓர் எள்ளுருண்டை சும்மா தின்பண்டம் இல்லை. மாலை ஓட்டத்துக்கு முன் ஒரு கிண்ணம் சுண்டல், கைப்பிடி வேர்க்கடலை இரண்டும் சேர்ந்தால் நூறு மில்லிகிராமை நெருங்கிவிடும். கீரை பச்சையாக இருப்பதற்குக் காரணமான பச்சையத்தின் நடுவிலேயே மெக்னீசியம்தான் உட்கார்ந்திருக்கிறது. சாப்பிடுவதில் மூன்றில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். தானியத்திலும் பயறிலும் உள்ள பைட்டேட் என்ற பொருள் அதையும் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்கவைப்பது மூன்றும் அந்தப் பிடியைத் தளர்த்தும்.

தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குடிநீரில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை மெக்னீசியம் இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 100 வரை. அந்த 30 உள்ள தண்ணீரை மூன்று லிட்டர் குடித்தால் 90 மில்லிகிராம் கிடைத்துவிடும். ஆர்ஓ இயந்திரத்தில் வரும் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் பெரும்பாலும் அது வடிகட்டப்பட்டுவிடுகிறது. ஆர்ஓவை எடுத்தெறியுங்கள் என்று சொல்லவில்லை, பல ஊர்களில் அது இல்லாமல் முடியாது. ஆனால் அந்தத் தண்ணீரையே குடித்து, வெள்ளைச் சோறே சாப்பிட்டு, வேர்வை கொட்ட ஓடுகிறவர் உணவில் அதை ஈடு கட்ட வேண்டும்.

மாத்திரை வாங்குவதாக இருந்தால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். 500 மில்லிகிராம் மெக்னீசியம் சிட்ரேட் என்றால் 500 மில்லிகிராம் மெக்னீசியம் இல்லை. அதில் உலோகமாக இருப்பது 80 சுமார்தான். ஆக்சைடில் எடைக்கு 60 சதவீதம் மெக்னீசியம், ஆனால் குடலில் சேர்வது மிகக் குறைவு. சேராதது குடலில் தண்ணீரை இழுத்து வைத்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பந்தயத்துக்கு முந்தைய இரவு முதல்முறையாக இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மாத்திரையாக மட்டும் எடுப்பது நாளைக்கு 350 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வரம்பு, ஐரோப்பாவில் 250தான். சிறுநீரகம் பழுதானவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது, அவர்களால் மிகுதியை வெளியேற்ற முடியாது. தைராய்டு மாத்திரை, சில ஆன்டிபயாடிக் மாத்திரைகள் ஆகியவற்றோடு ஒரே நேரத்தில் எடுத்தால் அந்த மருந்து உடம்பில் சேராமல் போகும். சில மணி நேரம் இடைவெளி வேண்டும்.

கடைசியாக ஒரு கூட்டம், இவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காலையில் பூங்காவில் கைவீசி நடக்கும் அறுபது வயதுக்காரர்கள். பலருக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது சிறுநீரோடு மெக்னீசியமும் போகும். இன்சுலின் சொல்வதைச் செல் கேட்பதற்கும் மெக்னீசியம் வேண்டும் என்பதால் நிலைமை ஒன்றையொன்று மோசமாக்கும். அவர்களில் பலர் “கேஸ் மாத்திரை” என்று ஒமெப்ரசோலோ பான்டோப்ரசோலோ வருடக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வகை மருந்தை நீண்ட நாள் எடுத்தால் மெக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இலேயே எச்சரித்தது. பிரஷருக்காகச் சிலர் எடுக்கும், நீரை வெளியேற்றும் மாத்திரைகளும் இதே திசையில் தள்ளும். என் அப்பா இந்த மூன்றிலும் இருந்தார். அவருக்குப் பரிசோதனைச் சீட்டு எழுதும்போது மெக்னீசியத்தையும் சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டோம். அவர் உடனே எழுதிக் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் அடுத்த முறை போகும்போது கேளுங்கள். கேஸ் மாத்திரையை இன்னும் தொடர வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.